தொழிற்கூட ஊடுகதிர்க் கருவிகள்: தொழிலாளர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டிய கதிர்வீச்சு, மின் பாதுகாப்பு

ஒரு கொதிகலன் குழாயின் பற்றவைப்புக்குள் விரிசல் இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. குழாயை வெட்டிப் பார்த்தால் குழாயே வீணாகும். எனவே, மருத்துவமனையில் எலும்பைப் படம் எடுப்பது போலவே, தொழிற்கூடங்களில் இரும்பையும் எக்கையும் ஊடுருவும் கதிர்களால் படம் எடுக்கின்றனர். இப்பணியைத் தொழில்சார் கதிர்ப்படவியல் என்பர். தொழிலாளர்கள் பேச்சில் இது ‘ரேடியோகிராபி’. விமான நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் பைகளைச் சோதிக்கும் கருவி, துறைமுகத்தில் சரக்குப் பெட்டகத்தைச் சோதிக்கும் பெரிய கருவி, உணவுப் பொட்டலத்தில் உலோகத் துண்டு கலந்திருக்கிறதா எனப் பார்க்கும் கருவி ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இக்கருவிகளோடு பணிபுரிவோர், அவற்றின் அருகே வேறு வேலை செய்வோர், அவர்களை வீட்டில் கவனித்துக்கொள்வோர் ஆகியோருக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. முறையாகப் பயன்படுத்தப்படும்போது இக்கருவிகளால் பெரும்பாலோருக்குத் தீங்கு நேர்வதில்லை. தீங்கு நேரும்போது மட்டும், அது பெரும்பாலும் காலம் கடந்தே அடையாளம் காணப்படுகிறது. இப்பக்கம் அதிகம் பேசுவது அந்தக் காலதாமதத்தைப் பற்றியே.

இருவகைக் கருவிகள்

முதல் வகை, மின்சாரத்தால் எக்ஸ் கதிரை உண்டாக்கும் கருவி. பைகளைச் சோதிக்கும் கருவி இவ்வகையைச் சேர்ந்தது. மின்சாரம் நின்ற கணமே இதில் கதிரும் நின்றுவிடும். நிறுத்திய பின் கருவிக்குள்ளோ, அதில் சென்ற பொருளுக்குள்ளோ கதிர் எதுவும் தங்குவதில்லை.

இரண்டாம் வகை, கதிரியக்கப் பொருளைக் கொண்டது. இரிடியம்-192 என்னும் ஐசோடோப்பு இதில் மிகுதியாகப் பயன்படுகிறது. தடித்த எக்குக்குக் கோபால்ட்-60 பயன்படுகிறது. சில மில்லிமீட்டர் அளவேயுள்ள அந்தக் கதிர்மூலம், கனமான உலோகக் கவசப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கும். தொழிலாளர்கள் இப்பெட்டியைக் ‘கேமரா’ என்கின்றனர். படம் எடுக்கும் நேரத்தில், தொலைவில் நின்று கைப்பிடியைச் சுழற்றி, கம்பிவடத்தின் மூலம் கதிர்மூலத்தைக் குழாய் வழியே வெளியே தள்ளுவர். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுப்பர். இதற்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது. மின்வெட்டு ஏற்பட்டாலும், விடுமுறை நாளானாலும் அது கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். இரிடியம்-192 தன் வலிமையில் பாதியை இழக்க 74 நாள்கள் ஆகும். கோபால்ட்-60 பாதியாக 5 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை நிலைமை நேர் எதிரானது. எக்ஸ் கதிர்க் கருவியை நிறுத்தினால் கதிர் போய்விடும். ஆனால் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் எஞ்சியிருக்கக்கூடும். இதைப் பின்னர் விளக்குகிறோம்.

தொலைவு என்னும் கவசம்

சுமார் 50 கியூரி வலிமையுள்ள இரிடியம் கதிர்மூலம் கவசமின்றி வெளியே இருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து 1 மீட்டர் தொலைவில் நிற்கும் ஒருவர், பொதுமக்களுக்கு ஓராண்டு முழுமைக்கும் அனுமதிக்கப்பட்ட 1 மில்லிசீவர்ட் அளவை ஏறத்தாழ 15 வினாடிகளில் பெற்றுவிடுவார். 10 மீட்டர் தொலைவில் நின்றால் அதே அளவைப் பெறச் சுமார் 25 நிமிடங்கள் ஆகும். தொலைவு இரண்டு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். பணியிடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து, இரவு நேரத்தில் வேலை செய்வது இதனால்தான். அந்தக் கயிற்றைத் தாண்டிக் குறுக்கு வழியில் செல்வது வேலியைத் தாண்டுவது போன்ற சிறு மீறல் அன்று.

எதிர்த்திசையிலும் இதே கணக்கு பொருந்தும். 1 மீட்டரில் ஆபத்தான ஒன்று, விரல் நுனியில் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆபத்தானது. ஆகவே, கதிர்மூலத்தைக் கையால் எடுப்பதற்கு ‘ஒரு நொடிதானே’ என்ற கணக்கு செல்லாது.

யானாங்கோவில் நடந்தது

1999 பிப்ரவரியில், பெரு நாட்டின் யானாங்கோ நீர்மின் நிலையப் பணியிடத்தில் பற்றவைப்புத் தொழிலாளி ஒருவர், கீழே கிடந்த சிறு உலோகப் பொருளைக் கண்டெடுத்துக் காற்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். அது படக் கருவியிலிருந்து கழன்று விழுந்த இரிடியம்-192. பல மணி நேரம் அது அவர் பையிலேயே இருந்தது. தொடையில் வலி தோன்றியது; பூச்சிக்கடியாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அவர் அதை அறியாமலேயே வீட்டுக்கும் கொண்டுசென்றார். இரவில், படம் சரியாக விழவில்லை என்பதைக் கவனித்த பணியாளர்கள் தேடத் தொடங்கிய பிறகே உண்மை தெரிய வந்தது. அந்த வீட்டில் அவருடைய மனைவிக்கும் தோலில் புண் ஏற்பட்டது. பல மாதச் சிகிச்சைக்குப் பின்னும் அவருடைய வலது காலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஈரானில் கிலான் பகுதியின் மின்நிலையப் பணியிடத்தில் 1996இல் இதே போன்ற விபத்து நிகழ்ந்தது. அங்கு அந்தப் பொருள் சட்டைப் பையில் மார்பருகே இருந்தது. அந்தத் தொழிலாளி உயிர் பிழைத்தார்; நெஞ்சில் ஆழ்ந்த புண் உண்டாயிற்று.

நம் நாட்டில் 2010 ஏப்ரலில், தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 விபத்து நிகழ்ந்தது. அது தொழிற்கூடப் படக் கருவி அன்று. ஆய்வகத்தில் பல்லாண்டுகளாகப் பயன்படாமல் கிடந்து, ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்ட கதிரூட்டும் கருவி. அதைப் பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட் வெளிப்பட்டது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோல் கறுத்து, முடி உதிர்ந்த நிலையில் வந்த ஒருவரைக் கண்டு மருத்துவர்கள் கதிர்வீச்சை ஐயுற்ற பின்னரே அதிகாரிகளுக்குத் தகவல் சென்றது.

மூன்று நிகழ்வுகளிலும் அந்தப் பொருள் சூடாகவோ, ஒளிரும்படியோ, மணம் உள்ளதாகவோ இருக்கவில்லை. எடுத்தவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று சொல்வதும் பொருந்தாது. பளபளப்பான சிறு உலோகத் துண்டை எடுத்து வைத்துக்கொள்வது எவரும் செய்யக்கூடியதே. அது என்ன என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பணியிடத்திலோ பழைய இரும்புக் கடையிலோ, மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சுச் சின்னம் பொறித்த பெட்டியையோ, அளவுக்கு மீறிய கனமுள்ள சிறு உருளையையோ, கம்பித் துண்டின் முனையில் பொருத்தப்பட்ட உலோகக் குமிழையோ கண்டால் தொடாதீர்கள். விலகிச் செல்லுங்கள், மற்றவர்களையும் விலக்குங்கள், காவல்துறைக்குத் தெரிவியுங்கள். சின்னம் தேய்ந்து போயிருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கதிர்க்காயம் எவ்வாறு தோன்றும்?

தீக்காயம் உடனே வலிக்கும். கதிர்க்காயம் அப்படி அன்று. கதிர் பட்ட நேரத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சில மணி நேரத்தில் அல்லது மறுநாள் தோல் இலேசாகச் சிவந்து, அரிப்போ எரிச்சலோ தோன்றி, பின்பு மறைந்துவிடக்கூடும். ‘சரியாகிவிட்டது’ என்று நினைக்கும் இந்த இடைவெளிதான் ஏமாற்றும் காலம். இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பின் சிவப்பு மீண்டும் வரும். அந்த இடத்து முடி உதிரும். அளவு மிகுந்திருந்தால் கொப்புளமும் ஆறாத புண்ணும் உண்டாகும். தோலில் சுமார் 3 கிரே அளவுக்குக் கதிர் ஏறினால் சிவத்தலும் முடி உதிர்தலும் தொடங்கும். நீர்க்கசிவுள்ள புண் உண்டாக அதைப் போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல் வேண்டும்.

உடல் முழுவதும் மிகுந்த அளவு கதிர் பட்டால் குமட்டல், வாந்தி, சோர்வு ஆகியவை சில மணி நேரத்திலேயே தொடங்கும். வாந்தி எவ்வளவு விரைவாகத் தொடங்கியது என்பது மருத்துவருக்கு முக்கியமான குறிப்பு. ஆகவே, நேரத்தைக் குறித்து வையுங்கள். முதல் இரண்டு நாள்களில் இரத்தத்திலுள்ள நிணநீர் வெள்ளணுக்கள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்பதைக் கொண்டு, உடல் பெற்ற அளவை மருத்துவர் மதிப்பிடுவார். இதற்காகச் சில மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்ப இரத்தம் எடுப்பர். அதைக் கண்டு பதற வேண்டாம். நிறமூர்த்த ஆய்வின் மூலமும் அளவைக் கணிக்க முடியும்.

இங்குப் பராமரிப்பாளரின் பங்கு பெரிது. காரணம் தெரியாத சிவப்போடும் புண்ணோடும் மருத்துவரிடம் செல்லும்போது, நோயாளி செய்யும் வேலையைச் சொல்லுங்கள். ‘வெல்டிங் வேலை’, ‘கட்டுமான வேலை’ என்று பொதுவாகச் சொல்வது போதாது. பணியிடத்தில் ரேடியோகிராபி நடந்ததா, எதையாவது கண்டெடுத்தாரா, உடன் வேலை செய்த வேறு எவருக்கும் இதே குறி இருக்கிறதா என்பதைக் கேட்டுச் சொல்லுங்கள். கதிர்க்காயத்தைப் பல மருத்துவர்கள் தம் பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடக் கண்டிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லும் அந்த ஒரு செய்தி இல்லாமல், அதை ஒவ்வாமை என்றோ பூச்சிக்கடி என்றோ கருதுவது அவர்களுடைய தவறும் ஆகாது.

புண்ணின் மீது மஞ்சள், பற்பசை, சாம்பல் ஆகியவற்றைப் பூசாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். தூய துணியால் தளர்வாக மூடி அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டாரைத் தொற்றுமா?

இக்கேள்வியோடு வரும் குடும்பங்கள் பல. கணவரின் உடையைத் தனியே துவைப்போரும், குழந்தையை அவரிடம் கொடுக்க அஞ்சுவோரும் உண்டு. கதிர் பட்ட மனிதர் கதிர்வீசும் பொருளாக மாறுவதில்லை. வெயிலில் நின்று வந்தவர் வெயிலை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை அல்லவா? அதைப் போன்றதே. எக்ஸ் கதிர்க் கருவியோடும், மூடி முத்திரையிட்ட கதிர்மூலத்தோடும் பணிபுரிபவரைத் தொடலாம்; அவருடன் உண்ணலாம், உறங்கலாம்; குழந்தையை அவர் தூக்கலாம்.

விதிவிலக்கு இரண்டு. கதிர்மூலமே உடலிலோ உடையிலோ பையிலோ இருந்தால் அருகில் இருப்போருக்கும் ஆபத்து. கதிர்மூலம் உடைந்து அதன் துகள் ஒட்டியிருந்தால் அதுவும் ஆபத்து. இவ்விரண்டாம் நிலையில், மேலுடையைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, சோப்பும் நீரும் கொண்டு தோலைத் தேய்த்துப் புண்ணாக்காமல் கழுவ வேண்டும். உடையைக் கழற்றுவதாலேயே ஒட்டிய துகளின் பெரும்பகுதி நீங்கிவிடும். உயிருக்கு ஆபத்தான காயம் இருந்தால் முதலில் அதற்கே சிகிச்சை.

எவ்வளவு கதிர் மிகுதி?

கதிர்வீச்சு இல்லாத இடம் உலகில் இல்லை. மண், பாறை, காற்று, விண்வெளி ஆகியவற்றிலிருந்து ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார் என்பது உலக அளவிலான கணக்கு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி போன்ற கடலோரப் பகுதிகளில், மோனசைட் மணலில் உள்ள தோரியத்தால் இவ்வளவு இயல்பாகவே மிகுதி. மார்பு எக்ஸ் கதிர்ப் படம் ஒன்று 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவாகவே தரும், வயிற்று சி.டி. ஸ்கேன் ஏறத்தாழ 10 மில்லிசீவர்ட் வரை தரக்கூடும்.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்ப்பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்றும், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட்டை மீறக்கூடாது என்றும் வரம்பு விதித்துள்ளது. 18 வயது நிறையாதவரைக் கதிர்ப்பணியில் அமர்த்தக் கூடாது. இவ்வரம்புகள் ‘இதுவரை பாதுகாப்பு, இதற்கு மேல் நோய்’ என்னும் கோடு அல்ல. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டின்படி, 1 சீவர்ட் அளவுக்கு ஆயுள்காலத்தில் புற்றுநோய் முதலிய தீங்கின் வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுகிறது. 20 மில்லிசீவர்ட்டுக்கு அது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் அமையும்.

பெற்ற அளவை அறிய மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் உதவுகிறது. வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பி அளவிடுகின்றனர். பேட்ஜ் ஆபத்தைத் தடுப்பதில்லை. நடந்ததைப் பின்னர்ச் சொல்கிறது, அவ்வளவே. அந்த நொடியில் எச்சரிப்பது கையிலுள்ள அளவைமானியும் ஒலி எழுப்பும் அளவியுமே. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அளவைமானியோடு சென்று, கதிர்மூலம் கவசத்துக்குள் திரும்பிவிட்டதைச் சரிபார்க்க வேண்டும். யானாங்கோ போன்ற விபத்துகளைத் தடுக்க வல்லது இந்த ஒரு வழக்கமே.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் தம் பெயரில் பேட்ஜ் இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். வரம்பை எட்டிவிட்டால் வேலை போய்விடுமோ என்று பேட்ஜை அறையிலேயே வைத்துவிட்டுச் செல்வோர் உண்டு. பின்னாளில் நோய் வந்தால், அது தொழிலால் வந்தது என்று காட்டக் கையில் இருக்கக்கூடிய சான்று அந்தப் பதிவேடுதான். அதை இழப்பது குடும்பத்துக்கே இழப்பு.

பணியாளர் கருவுற்றால் கூடிய விரைவில் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பின் மகப்பேறு வரை கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் செல்லாதபடி அவருடைய பணி மாற்றியமைக்கப்பட வேண்டும்.

மின் ஆபத்து

கதிர்வீச்சைப் பற்றிய அச்சம் மின்சாரத்தை மறக்கச் செய்துவிடுகிறது. எக்ஸ் கதிர்க் குழாய்க்கு, சுவரில் வரும் 230 வோல்ட் போதாது. பை சோதனைக் கருவிக்கு ஏறத்தாழ 1,60,000 வோல்ட் வரையும், எக்குத் தகடுகளைப் படம் எடுக்கும் கருவிக்கு 3,00,000 வோல்ட் வரையும் உயர்த்தப்படுகிறது. செருகியைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும். எனவே, பயிற்சி பெற்ற பழுதுநீக்குநர் தவிர வேறு எவரும் மூடியைத் திறக்கக் கூடாது. அவரும் மின் இணைப்பைத் துண்டித்து, பூட்டிட்டு, சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, எஞ்சிய மின்னேற்றத்தை நிலத்துக்கு இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். கதவு திறந்தால் கருவி தானே நிற்கும்படி அமைந்த பாதுகாப்புப் பூட்டை, வேலை வேகத்துக்காகச் செயலிழக்கச் செய்வது பல இடங்களில் காணப்படும் பழக்கம். அந்த ஒரு செயலால் கதிர் ஆபத்தும் மின் ஆபத்தும் சேர்ந்தே திறந்துவிடப்படுகின்றன.

திறந்தவெளிப் பணிகளில், ஜெனரேட்டரிலிருந்து இழுத்த கம்பி ஈரத்தரையில் கிடப்பதும், எர்த் இணைப்பு இல்லாமல் வேலை தொடங்குவதும் உயிர்களை வாங்குகின்றன. 10 மில்லிஆம்பியர் அளவிலேயே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 50 முதல் 100 மில்லிஆம்பியர் இதயத் துடிப்பைச் சிதறடிக்கப் போதும். மின்கசிவில் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் சாதனம் இதனால்தான் பரிந்துரைக்கப்படுகிறது.

ஒருவரை மின்சாரம் பிடித்திருந்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். வீட்டு மின்னழுத்தமாயின், உலர்ந்த கட்டையால் கம்பியை விலக்கலாம். உயர் மின்னழுத்தத்தில் கட்டையும் காப்பாற்றாது, அருகே செல்லவும் கூடாது. 108-ஐ அழையுங்கள். மூச்சும் அசைவும் இல்லையெனில், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாத ஆழத்தில், உதவி வரும் வரை அழுத்துங்கள்.

எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலில் சிறு கரும்புள்ளி மட்டும் இருக்க, உள்ளே தசை வெந்திருக்கக்கூடும். சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ போனால், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள்; இது அவசர நிலை. இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கருவுற்றிருப்பவர் குழந்தையின் துடிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோயாளிகள் சோதனைக் கருவிகளைக் கடக்கும்போது

பை சோதனைக் கருவியில் சென்ற மாத்திரை, உணவு, தாய்ப்பால் ஆகியவை கதிரியக்கம் பெறுவதில்லை, பயன்படுத்தலாம். இன்சுலின் பம்ப், தொடர் சர்க்கரை அளவி ஆகியவற்றை மட்டும், அவற்றின் தயாரிப்பாளர் தடை செய்திருந்தால், கையால் சோதிக்கும்படி கேளுங்கள். கருவியின் வாயிலில் தொங்கும் ஈயத் திரைக்குள் கையை விட்டுப் பையை இழுக்காதீர்கள். குழந்தைகளை நகரும் பட்டையருகே விடாதீர்கள்.

இதயமுடுக்கி பொருத்தியவர்கள் உலோகச் சோதனை வாயிலை இயல்பான நடையில் கடக்கலாம். அதில் சாய்ந்து நிற்க வேண்டாம். கைக்கருவியை நெஞ்சின் மீது வெகுநேரம் வைக்க வேண்டாம் என்று அட்டையைக் காட்டிச் சொல்லலாம். பற்றவைப்பு இயந்திரமும், விரிசல் காணப் பயன்படும் வலிய மின்காந்தக் கருவியும் உள்ள கூடத்தில் வேலை செய்பவராயின், பணிக்குத் திரும்பும் முன் இதயநோய் மருத்துவரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர்கள், விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ உள்ள கதிர் உணர்விகளை ஒலிக்கச் செய்யக்கூடும். இது சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதங்கள் வரை நீடிக்கலாம். சிகிச்சை நாள், மருந்தின் பெயர், அளவு ஆகியவை குறித்த மருத்துவமனைக் கடிதத்தை உடன் வைத்திருங்கள். வெளியிலிருந்து கதிர்ச் சிகிச்சை பெற்ற புற்றுநோயாளிகளுக்கு இது தேவையில்லை.

பணியிடக் கதிர் விபத்தை ஐயுற்றால், நிறுவனத்தின் கதிரியல் பாதுகாப்பு அலுவலருக்கு அதே நாளில் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் தெரிவிக்கலாம். அயனாக்கக் கதிர்வீச்சால் வரும் நோய்கள் இந்தியச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. இழப்பீடு கோரும்போது மருத்துவச் சான்றோடு, பணியாற்றிய காலத்தையும் இடங்களையும் காட்டும் ஆவணங்களும், கதிர் அளவுப் பதிவேட்டின் நகலும் கேட்கப்படும். வேலையை விட்டு விலகும் நாளிலேயே அந்த நகலைக் கேட்டுப் பெறுங்கள்.